உஷார்! பின்மூடியைத் திறந்து பார்க்காமல் பழைய டைவ் வாட்ச்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

பழைய டைவ் வாட்ச் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறீர்களா? இதைப் படித்து முடிக்கும்வரை பணத்தை அனுப்பாதீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டிருந்தால் மீதியையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோலெக்ஸ் என்று பெயர் பொறித்து நடைபாதையில் விற்கும் முழுப் போலியைப் பற்றி இங்கே பேசவில்லை. அதைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கேஸ் ஒரு வாட்ச்சிலிருந்து, மெஷின் இன்னொன்றிலிருந்து, முட்கள் மூன்றாவது ஒன்றிலிருந்து, டயல் மட்டும் போன வருஷம் அச்சடித்தது. இப்படிச் சேர்த்துப் பூட்டியதை ‘ஃபுல் ஒரிஜினல்’ என்று விற்கிறார்கள். அது ஓடுகிறது, சரியான நேரம் காட்டுகிறது, பார்வைக்கும் பழசாகவே இருக்கிறது. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பாதி நிஜமாகவும் இருக்கும். ஆனால் அந்த வாட்ச் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் அப்படி வெளியே வரவில்லை. சேகரிப்பாளர்கள் இதை ‘ஃபிராங்கன் வாட்ச்’ என்பார்கள்.

‘எனக்குக் கண் இருக்கிறது, என்னை ஏமாற்ற முடியாது’ என்று நினைப்பவர்கள் ஜெனிவாவில் நடந்ததைக் கேளுங்கள். 2021 நவம்பரில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் 1957-ஆம் ஆண்டின் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்றை ஏலம் விட்டது. கறுப்பு டயல் காலப்போக்கில் பழுப்பாக மாறியிருந்த அழகான வாட்ச். 31 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது யார் தெரியுமா? ஒமேகா நிறுவனமே, தன் அருங்காட்சியகத்துக்காக வாங்கியது. 2023-இல் உண்மை வெளியே வந்தது. பல இடங்களிலிருந்து பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வாட்ச் அது. தன்னுடைய முன்னாள் ஊழியர்களுக்கே இதில் பங்கு இருப்பதாக ஒமேகா சொன்னது. அது டைவ் வாட்ச் இல்லைதான். ஆனால் செய்த நிறுவனத்தையே, உலகின் பெரிய ஏலக் கூடத்தில் வைத்தே ஏமாற்ற முடிகிறது என்றால், கைப்பேசியில் வரும் மங்கலான நான்கு படங்களை நம்பி நாம் பணம் அனுப்பலாமா?

டைவ் வாட்ச்சில் இந்த வேலை இன்னும் சுலபம். கடலில் கிடந்த வாட்ச் என்பதால் தண்ணீர் இறங்கியிருக்கும், டயல் கெட்டிருக்கும், முள் துருப்பிடித்திருக்கும், டயலைச் சுற்றியுள்ள பெசல் வளையம் உடைந்திருக்கும். கெட்ட பாகத்தை ‘அந்தக் காலத்திலேயே மாற்றினார்கள்’ என்று சொன்னால் எவரும் நம்பிவிடுவார்கள். உண்மையிலேயே மாற்றியதும் உண்டு. அந்த உண்மைக்குப் பின்னால்தான் பொய் ஒளிந்துகொள்கிறது.

நம் ஊரில் அதிகம் கைமாறும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: சீக்கோ 6309-7040. 1976 முதல் 1988 வரை வந்தது. 150 மீட்டர் ஆழம் தாங்கும். உப்பிய கேஸ் என்பதால் ஆமை என்று செல்லப்பெயர். சாவி நான்கு மணிப் பக்கம் இருக்கும். உழைப்பாளி வாட்ச். ஏராளமாகச் செய்தார்கள், இன்றும் ஓடுகின்றன. அதனாலேயே இதற்கு டயல், முள், பெசல், பெசலின் மேல் பதியும் இன்ஸர்ட் தகடு, கண்ணாடி, சாவி என்று எல்லாமே புதிதாகச் செய்து விற்கிறார்கள். செய்கிறவர்கள் மாற்றுப் பாகம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பூட்டி முடித்ததும் அந்தப் பேச்சு மறைந்துவிடுகிறது.

முதலில், கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை. சாவியின் திருகைக் கழற்றி, நேரம் வைக்கும் நிலைக்கு முழுதாக இழுங்கள். 6309 மெஷினில் வினாடி முள் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். சாவியைத் திருகிச் சாவி கொடுக்கவும் முடியாது. கை அசைவில்தான் அது சாவி ஏற்றிக்கொள்ளும். வினாடி முள் சட்டென்று நின்று, சாவியும் ஏறினால், உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்தக் காலத்து என்எச்36 மாதிரியான மெஷின். ஜப்பானுக்குள் மட்டும் விற்ற 6306 என்ற 21 கல் (ஜுவல்) மெஷினிலும் வினாடி முள் நிற்கும். ஆனால் அப்போது பின்மூடியிலும் 6306 என்றுதான் இருக்க வேண்டும்.

இந்தச் சோதனையில் தேறிவிட்டால் மட்டும் போதாது. 1996-இல் வந்த 7எஸ்26 மெஷினிலும் வினாடி முள் நிற்காது. அதைத் திணித்த வாட்ச்சுகளும் இருக்கின்றன. ஆகவே பின்மூடியைத் திறக்கத்தான் வேண்டும். உள்ளே 6309ஏ என்றும் 17 கல் என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் நிம்மதி அடைய வேண்டாம். அதே 6309 மெஷினைச் சாதாரண சீக்கோ வாட்ச்சுகளிலும் போட்டார்கள். அங்கிருந்து கழற்றி இங்கே வைத்திருக்கலாம்.

பின்மூடிக்கு வெளியே 6309-7040 அல்லது அமெரிக்கச் சந்தைக்கான 6309-7049 என்ற எண்ணும், ஆறு இலக்க வரிசை எண்ணும் இருக்கும். வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள். 2-இல் தொடங்கினால் 1982. 7-இல் தொடங்கினால் 1977 ஆகவும் இருக்கலாம், 1987 ஆகவும் இருக்கலாம். விற்பவர் சொல்லும் ஆண்டு இதோடு பொருந்தாவிட்டால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். பொருந்தினால், பின்மூடிக்கு மட்டும்தான் சாட்சி கிடைத்திருக்கிறது. பின்மூடியும் கழன்று வரும் பாகம்தானே.

இனி டயல். பழைய வாட்ச்சின் மதிப்பில் பெரும் பங்கு அதில்தான் இருக்கிறது; பித்தலாட்டமும் அங்கேதான் அதிகம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு அடியில், டயலின் ஓரத்தில், மிகப் பொடியான எழுத்தில் 6309-70 என்று தொடங்கும் குறியீடு இருக்க வேண்டும். அது இல்லையா? வேறு எண் இருக்கிறதா? எழுத்துகள் தடித்துப் போய், ஓரங்களில் மை கசிந்தது போல் இருக்கின்றனவா? தொழிற்சாலை அச்சு லென்ஸில் பார்த்தாலும் கூர்மையாக நிற்கும். இத்தனை வயதான கேஸ் முழுக்கக் கீறல் இருக்க, டயல் மட்டும் நேற்றுப் பூத்த மல்லிகை போல் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அது பெரும்பாலும் புது டயலாகவோ மறுபூச்சாகவோ இருக்கும்.

மறுபூச்சில் நம் நாட்டுக்கே ஒரு பெயர் இருக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று எச்சரிக்கையோடு சொல்வது, இங்கே டயலுக்கு மறுவண்ணம் பூசி அனுப்பும் பழைய வாட்ச்சுகளைத்தான். அந்த வண்ணத்தைப் பூசுகிறவர்களின் கைத்திறனை நான் குறை சொல்ல மாட்டேன். கெட்டுப்போன டயலுக்கு உயிர் கொடுக்கிறார்கள். பூசியதை மறைத்து, ஒரிஜினல் விலை கேட்பவர்கள்தான் குற்றவாளிகள். ‘டயல் ரீபெயின்ட்’ என்று ஒளிக்காமல் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

சீக்கோவில் விலை உயர்ந்தவை இன்னும் மோசமான நிலையில் இருக்கின்றன. 1965-இல் வந்த, ஜப்பானின் முதல் டைவ் வாட்ச்சான 62மாஸ். 1979-இல் வெளியான ‘அபோகலிப்ஸ் நௌ’ படத்தில் மார்ட்டின் ஷீன் கட்டியிருந்த 6105-8110. இந்த இரண்டுக்கும் கிராக்கி கூடக் கூட, புதிதாக அச்சடித்த டயல்களும் கூடிவிட்டன. இவற்றைத் தொடக்கத்திலேயே வாங்க நினைக்காதீர்கள். நூறு படங்களைப் பார்த்துக் கண் பழகிய பிறகும், இதையே கரைத்துக் குடித்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

ஸ்விஸ் வாட்ச் என்றால் ஒளிப்பூச்சுதான் முதல் சாட்சி. இருட்டில் ஒளிர்வதற்காக 1960-களின் தொடக்கம்வரை ரேடியம் பூசினார்கள். அதன்பின் 1990-களின் கடைசிவரை டிரிடியம். அதற்குப் பிறகு கதிர்வீச்சே இல்லாத லூமினோவா. டிரிடியத்தின் பாதி, 12 ஆண்டுக்குச் சற்று மேல் போனாலே தீர்ந்துவிடும். ஆகவே 1970-இல் செய்த வாட்ச் இன்று இருட்டில் தானாக ஒளிராது. புற ஊதா டார்ச்சை அடித்தால் மங்கலாக எரிந்து, டார்ச்சை எடுத்ததுமே அணைந்துவிடும். டார்ச்சை எடுத்த பிறகும் பச்சையாக நின்று எரிந்தால் அது லூமினோவா. ஒன்று, டயல் மாறியிருக்கிறது. இல்லையென்றால் ஒளிப்பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்திருக்கிறார்கள்.

டயலும் முட்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி எரிந்து ஒரே மாதிரி அணைய வேண்டும். டயல் புள்ளிகள் பழுத்த வெண்ணெய் நிறத்திலும் முட்கள் வெள்ளையாகவும் இருந்தால் முள் மாற்றியது. இரண்டும் ஒரே நிறம் என்பதாலும் ஏமாந்துவிடாதீர்கள். பழுப்பு நிறத்தைக் கலந்தே புதுப் பூச்சு வைக்கிறார்கள். டயலை அடுப்பில் வைத்துச் சுடுகிறவர்களும் உண்டு. நிறத்தைப் பொய்யாகக் கொண்டுவரலாம். அணையும் வேகத்தைக் கொண்டுவருவது கஷ்டம்.

டயலின் அடியில் உள்ள எழுத்தையும் படியுங்கள். ரோலெக்ஸ் சப்மரைனர் 5513, 1962 முதல் 1980-களின் இறுதிவரை வந்தது. 1970-களின் வாட்ச்சில் ‘ஸ்விஸ்’ என்ற சொல்லோடு டிரிடியத்தைக் குறிக்கும் ‘டி’ எழுத்து இருக்க வேண்டும். அந்த எழுத்து இல்லாமல் ‘ஸ்விஸ் மேட்’ என்று மட்டும் இருந்தால் அது பின்னாளில் மாற்றிய சர்வீஸ் டயல். கம்பெனி டயல்தான், போலி இல்லை. ஆனால் அந்த வாட்ச்சோடு பிறந்தது அல்ல, விலையும் ஒன்றல்ல. 1680 மாடலில் ‘சப்மரைனர்’ என்ற ஒரு வரி மட்டும் சிவப்பில் இருந்தால் விலை ஏறுகிறது. ஒரு வரி சிவப்பு மை போதும் என்பதால், எத்தனை பேர் தூரிகையை எடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ராணுவ வாட்ச் என்றால் இரட்டிப்பு உஷார். பிரிட்டிஷ் படைகளுக்குக் கொடுத்த சப்மரைனரிலும் ஒமேகா சீமாஸ்டர் 300-இலும் டயலில் வட்டத்துக்குள் ‘டி’ இருக்கும். பட்டை மாட்டும் கம்பிகள் கழற்ற முடியாதபடி கேஸோடு பற்றவைத்திருக்கும். பின்மூடியில் அம்புக்குறியும், கடற்படைக்கு 0552, தரைப்படைக்கு டபிள்யூ10 என்ற எண்ணும் பொறித்திருக்கும். இதெல்லாம் புத்தகம் படித்த எவருக்கும் தெரியும். பொறிக்கத் தெரிந்தவருக்கும் தெரியும். சாதாரண கேஸில் கம்பியைப் பற்றவைத்து எண்ணைப் பொறித்துவிட்டால் விலை பல மடங்கு ஆகிவிடுகிறது. கழுகுப் பார்வை வேண்டியது பொறித்த பள்ளத்துக்குள்: பழைய பொறிப்பின் ஓரங்கள் சுற்றியுள்ள உலோகத்தோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், கீறல்கள் பள்ளத்தைக் கடந்து போகும். தேய்ந்த முதுகில் கூரான எழுத்து இருந்தால், முதுகு முதலில் வந்தது, எழுத்து பிறகு வந்தது.

பழைய ரோலெக்ஸில் செயினைக் கழற்றாமல் வாங்கவே கூடாது. பன்னிரண்டு மணிப் பக்கம் மாடல் எண்ணும் ஆறு மணிப் பக்கம் வரிசை எண்ணும் கேஸில் பொறித்திருக்கும். அதைக் காட்டத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. பெசல் இன்ஸர்ட் சாம்பல் நிறமாக வெளுத்திருந்தால் வெயிலில் வெளுத்ததா, பிளீச்சில் ஊறவைத்ததா என்று கேளுங்கள்; இரண்டும் நடக்கிறது. வேறு சில ஸ்விஸ் வாட்ச்சுகளுக்குக் ‘கம்பெனி ஆவணச் சான்று இருக்கிறது’ என்பார்கள். அந்தச் சான்று பெரும்பாலும் மெஷின் எண்ணுக்கும் தயாரித்த தேதிக்கும்தான். இப்போது அதில் இருக்கும் டயலும் முள்ளும் ஒரிஜினலா என்று அது சொல்லாது.

உடம்புக்கும் ஓர் எச்சரிக்கை. ரேடியத்தின் பாதி தீர 1,600 ஆண்டுகள் ஆகும். பூச்சு ஒளிர்வது நின்றுபோயிருக்கும், கதிர்வீச்சு நிற்காது. 1950-களின் டைவ் வாட்ச்சை வீட்டு மேஜையில் திறந்து, உதிரும் பூச்சை ஊசியால் சுரண்டாதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது, குழந்தைகள் கையில் படவும் கூடாது. ‘வாட்டர் 150 மீட்டர்’ என்று டயலில் இருக்கிறதே என்று எந்தப் பழைய வாட்ச்சோடும் தண்ணீரில் இறங்காதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் எப்போதோ காய்ந்துபோயிருக்கும்.

நல்ல வாட்ச்சே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆபத்து சர்வீஸ். கெட்ட எண்ணமே இல்லாத ரிப்பேர்காரர், ‘சார், புதுசாட்டம் ஆக்கிடறேன்’ என்று ஆசையாகச் செய்யும் வேலையில் ஒரிஜினல் போய்விடுகிறது. கேஸின் கூர்மையான விளிம்புகள் பாலிஷ் சக்கரத்தில் ஒருமுறை மழுங்கினால் திரும்ப வராது. வெளிநாட்டுக் கம்பெனி சர்வீஸிலும் பழைய டயலையும் முள்ளையும் எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு அனுப்பியது உண்டு. கொடுக்கும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: பாலிஷ் கூடாது, டயலையும் முள்ளையும் தொடக் கூடாது, கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும், துருப்பிடித்த திருகாணி உட்பட, திருப்பித் தர வேண்டும். கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

வாங்காதவர்களுக்கும் இது பொருந்தும். 1970, 80-களில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன அப்பாவோ மாமாவோ கட்டிவந்த சீக்கோ இன்னும் பல வீட்டு பீரோக்களில் கிடக்கிறது. பெரும்பாலும் சீக்கோ 5. சிலருக்கு டைவரும் இருக்கும். அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி விற்கலாம் என்று கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். விலை இருப்பதே அந்த அழுக்கடைந்த டயலில்தான். ‘ஓடாத வாட்ச்தானே, இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்’ என்று வீடு தேடி வருகிறவருக்கு அதே நிமிஷத்தில் தலையாட்டிவிடாதீர்கள். பின்மூடி எண்ணையும் டயலையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, விவரம் தெரிந்த இருவரிடம் காட்டுங்கள். வீடு தேடி வந்தவரை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.