விஞ்ஞானப் புனைகதையில் பெண்

விஞ்ஞான நவீனம் என்றவுடன் நம்மில் பலர் ராக்கெட்டையும் வேற்றுக் கிரகவாசிகளையும் நினைப்பர். தும்பாவுக்கு அருகில் வாழும் நமக்கு அந்த நினைவு எழுவதில் வியப்பில்லை. ஆயினும் இத்துறையின் முதல் நூல் என்று பலர் போற்றும் 'பிராங்கன்ஸ்டைன்' எழுப்பிய வினா வேறு: உயிரொன்றை ஆக்கும் வல்லமை பெற்றவன், ஆக்கிய பின் அதற்கு எவ்வளவு கடமைப்பட்டவன்?

1818-இல் அந்நூல் ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது. எழுதியவர் மேரி ஷெல்லி. எழுதத் தொடங்கிய 1816-இல் அவருக்கு வயது 18. அவரைப் பெற்ற சில நாட்களில் தாயார் மறைந்தார். அவருடைய முதற்குழந்தையும் 1815-இல் பிறந்து சில நாட்களில் மாண்டது. பிறப்பும் இறப்பும் அடுத்தடுத்து நிற்பதை அவர் ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர். கதாநாயகன் விக்டர் தாயின்றியே ஓர் உயிரைப் படைக்கிறான். அது கண் விழித்ததும் அஞ்சி ஓடுகிறான். பலரும் இந்த ஓட்டத்தைப் பற்றியே பேசுவர். என் உள்ளத்தை உறுத்துவது பின்னால் வரும் ஒரு நிகழ்ச்சி. தனிமையில் வாடும் அப்படைப்பு தனக்கொரு துணைவியைக் கேட்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஒரு தீவில் அமர்ந்து விக்டர் பெண்ணுருவைச் செய்கிறான்; முடியுமுன் கிழித்தெறிகிறான். அவளால் ஓர் இனமே பெருகிவிடலாம் என்பது ஓர் அச்சம். மற்றொன்று, அவளுக்கும் சொந்த அறிவு இருக்குமே, தான் பிறக்குமுன் பிறர் செய்த உடன்படிக்கைக்கு அவள் கட்டுப்படாமற் போனால் என் செய்வது என்பது! மறுத்துப் பேசக்கூடும் என்பதற்காகவும் ஒரு பெண் பிறக்குமுன்னே அழிக்கப்படுகிறாள்.

நிற்க. நம் பக்கம் வருவோம். 1905-இல், கமலா சத்தியநாதன் சென்னையில் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மாகஸீன்' என்ற ஆங்கில இதழில் 'சுல்தானாவின் கனவு' வெளிவந்தது. எழுதியவர் வங்காளத்து ரொக்கையா சகாவத் ஹுசைன். அவர் காட்டும் பெண்ணாட்டில் மகளிர்க்கென இரு சர்வகலாசாலைகள். ஒன்று மேகத்திலிருந்து நீரை இறக்கும் பலூனைச் சமைக்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. படை பெருக்குவதிலேயே காலங்கழித்த ஆடவர் போரில் தோற்று வீட்டுக்குள் அடங்குகின்றனர். பெண்கள் சூரிய வெப்பத்தைப் பகைவர்மேல் திருப்ப, அவர்கள் ஓடுகிறார்கள். விட்டுச்சென்ற ஆயுதங்கள் எரிகின்றன. அடுப்புக்கு உதவிய வெப்பமே போருக்கும் ஆயிற்று என்பதை ரொக்கையா ஒளிக்கவில்லை. ஆடவரை அடைத்து வைப்பது நியாயமா என்று சிலர் கேட்பர். அந்தப்புரத்துப் பெண்களைக் கண்டபோது எழாத கேள்வி, தலைகீழாகத் திருப்பியதும் எழுகிறதல்லவா? அதற்காகவே அவர் திருப்பினார் என்று கருதுகிறேன்.

கதையை விட்டுச் சற்று விலகுகிறேன். இந்தியாவின் சூரிய ஒளியை அளந்து அட்டவணையிட்ட பெண்மணி ஒருவர் மெய்யாகவே வாழ்ந்தார். பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, இதே திருவனந்தபுரத்தில் 2001-இல் மறைந்த அன்னா மணி அவர். சர் சி. வி. ராமனிடம் ஆராய்ந்து அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டுக்கு, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று காரணங்காட்டி டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது.

தமிழுக்கு வந்தால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இருக்கிறது. குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டிய நாட்டில் நிலா என்னும் பெண் வாழ்கிறாள். துணை நிற்பது ஜீனோ என்னும் இயந்திர நாய். துணிவான கற்பனைதான். ஆனால் யோசனையெல்லாம் பெரும்பாலும் நாய்க்கே உரியதாக இருப்பது எனக்குக் குறையே. சோதனைச் சாலையில் தானே ஒன்றைப் படைத்து, அதற்குத் தானே பொறுப்பேற்கும் பெண்ணைத் தமிழ் நவீனத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டவர் எவரேனும் சொன்னால் நன்றியுடையேன்.