மண்சுவரில் ஜன்னல் மாற்றும்போது

எங்கள் விதை அறை மண்சுவர். ஜன்னல் நிலையில் கரையான் ஏறியதும், "உடைச்சு எடுத்துட்டு சிமெண்ட் வச்சு இரும்பு ஜன்னல் போட்டுடலாம்"னு கொத்தனார் சொன்னார். நான் ஒத்துக்கவில்லை. மண்சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதை அடைத்துவிடும். அறையில் ஈரம் தங்கினால் விதையின் முளைப்புத்திறன் போச்சு.

முதலில் நிலையை ஆணியால் குத்திப் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்தால் கதவை மட்டும் மாற்றினால் போதும். எங்களுக்கு அடிக்கட்டை மாவாகக் கொட்டியது. மேலே முட்டுக் கொடுத்து, சம்மட்டி போடாமல், நிலையை நடுவில் அறுத்து உள்பக்கமாக உருவினோம். சுவரில் கீறல் விழவில்லை. புது நிலை வேம்பு. சுவரைத் தொடும் பக்கங்களில் முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டு தடவை பூசினோம். சந்தை அடைக்க 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல். அடியில் பூச்சு வெளிப்பக்கம் சாய்வாக இருக்கணும், இல்லாவிட்டால் மழைத்தண்ணி நிலைக்கடியில் நிற்கும். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். அதுவரை கதவை மாட்ட அவசரப்படாதீர்கள்.