பால் நிறுத்த தராசும் ஆள் நிறுக்கும் தராசும்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் தராசு இருந்தது, பால் கொட்டாய் வாசலில். காண்டாத் தடியில் தொங்கிய வாளிகளை இறக்கி வைத்துவிட்டு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கிராணி பாலை நிறுப்பார். மெட்ரோலாக்கை மிதக்க விட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். எண்ணைப் புத்தகத்தில் எழுதுவார். அந்தப் பாலைச் சுமந்து வந்த ஆளை மட்டும் தராசில் ஒருநாளும் ஏற்றியதில்லை. நான் வயிற்றில் இருந்தபோது தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டிரசர் என் அம்மாவை நிறுத்திருக்கலாம். நிறுத்திருந்தாலும் எத்தனை கிலோ என்று அவரிடம் சொன்னவர் யாருமில்லை. தன் எடை இன்னதென்று அம்மா தெரிந்துகொண்டபோது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. தோட்டத்தை விட்டுக் காஜாங்குக்கு வந்து, அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் அது நடந்தது. தாதி மலாயில் எண்ணைச் சொல்லியிருக்கிறார். அது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று அம்மாவுக்குப் புரியவில்லை.

காஜாங் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சத்தே. எங்களுக்கு அது ரப்பர். இந்தப் பக்கத்தில் முதலில் போட்டது காப்பி. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் காப்பி விலை விழுந்தபோது ரப்பர் வந்தது. கிண்டர்ஸ்லி சகோதரர்களின் இன்ச் கென்னத் தோட்டம், மலேசியாவில் ரப்பரை வியாபாரத்துக்காக நட்ட முதல் தோட்டங்களில் ஒன்று. இன்ச் கென்னத் என்பது ஸ்காட்லாந்துக் கரையோரத்தில் உள்ள ஒரு குட்டித் தீவின் பெயர். அந்தத் தீவை வாழ்நாளில் பார்க்கப்போகாத சனங்கள் அதன் பெயரைத் தங்கள் ஊர் என்று சொல்லிக்கொண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தார்கள்.

விடியுமுன் பெரட்டு, பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவது. வரக்கோப்பி ஒரு மங்கு குடித்துவிட்டுத் தீம்பாருக்குள் போனால் நானூறு, ஐந்நூறு மரம். ஒவ்வொரு மரத்துக்கும் குனியணும், உளியைச் சாய்த்துப் பட்டையை மெல்லியதாகச் சீவணும், பால் மங்கைத் திருப்பி வைக்கணும், அடுத்த மரத்துக்கு நடக்கணும். நிரை நிரையாக அப்படியே. வெயில் ஏறியதும் திரும்பவும் அதே வழியில் பால் எடுக்கணும். பிறகு இரண்டு வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டு, மேடும் பள்ளமுமாகக் கொட்டாய்க்கு நடை. வீடு திரும்பியதும் விறகு, தண்ணீர், பிள்ளைகள். இன்று ஜிம்மில் மாதம் நூறு வெள்ளிக்கு மேல் கட்டி, சொல்லிக்கொடுக்க ஒருவரை வைத்துச் செய்கிற குந்தல், தூக்கல், சுமைநடை எல்லாம் இதில் அடக்கம்.

இந்த இடத்தில்தான் வழக்கமாக ஒரு பெருமூச்சு வரும். ‘அந்தக் காலத்து உடம்பு’ என்று ஆரம்பிப்பார்கள். கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், வாட்சாப்பில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அந்தக் காலத்து உடம்பு ஒல்லியாக இருந்தது உண்மைதான். சோறு, பருப்பு ரசம், கருவாடு, லயத்துக்குப் பின்னால் வளர்ந்த முருங்கைக்கீரை, இவ்வளவுதான் அதற்குப் போனது. வெளியே போனது அதைவிட அதிகம். மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தசோகையும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. ஆண்களில் பலருக்குச் சாயந்திரம் கள்ளுக்கடை. அது உடற்கட்டு இல்லை, தேய்மானம். அந்த உடம்பு நம்முடையதாகக்கூட இருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்நின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு இன்னொன்றும் இருந்தது: துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழியணும். சொந்தக் காலால் மிதித்த சைக்கிளில் உட்கார்ந்தே போகும் உரிமைக்காக வேலையை நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள்.

ஒல்லியாக இருந்தால் ஆரோக்கியம் என்ற கணக்கும் நமக்குச் சரிவராது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடம்பில் 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் பக்கத்து உடம்புகளுக்குத் தராசு மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது. அதனால்தான் இடுப்பை அளக்கச் சொல்கிறார்கள். ஆசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் கவனிக்கணும். தையல் டேப் எல்லா வீட்டிலும் இருக்கிறது. இல்லாவிட்டால் இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

பிறகு தோட்டங்கள் போயின. ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்புத் தாமானானது. பக்கத்தில் பெராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்றைக்குப் புத்ராஜெயா நிற்கிறது. அங்கேயும் சுற்றுத் தோட்டங்களிலும் இருந்த குடும்பங்கள் டிங்கில் பக்கம் அடுக்குமாடிக்குப் போயின. எங்கள் குடும்பம் காஜாங்கில் ஒரு நாலாவது மாடிக்கு வந்தது. அம்மா தொழிற்சாலையில் நின்றுகொண்டே பார்க்கிற வேலைக்குப் போனார். அப்பா பள்ளிக்கூடத்தில் காவல் பார்க்கிற ஜாகா. என் வயதுப் பையன்கள் லோரி ஓட்டினார்கள், இப்போது அவர்களுடைய பிள்ளைகள் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மரத்துக்கு மரம் நடந்த சனம் ஒரே தலைமுறையில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தாலும் ஓய்வு இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டில் காவல் நாற்காலியில் உட்காருவதை யாராவது ஓய்வு என்பார்களா?

எண்களும் அதையே சொல்கின்றன. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில் 1996இல் பெரியவர்களில் 4.4 விழுக்காட்டினருக்கு உடல் பருமன். 2023இல் அது 21.8. அதிக எடையையும் சேர்த்தால் பாதிக்கு மேல், 54.4. 2019 ஆய்வில் இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, நாட்டின் சராசரி 18.3. எங்கள் அடுக்குமாடியில் இதற்கு ஆய்வு தேவையில்லை. பிறந்தநாள் கேக்கை நீட்டினால் எத்தனை பேர் கையை எடுக்கிறார்கள் என்று எண்ணினால் போதும்.

உடல் பருமனை வசதியானவர்களின் நோய் என்று ஒருகாலத்தில் சொன்னார்கள். கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். அரசாங்க உதவியில் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் இரண்டு வெள்ளி ஐம்பது காசு. உள்நாட்டு அரிசி பத்து கிலோ இருபத்தாறு வெள்ளி, கிடைத்தால். சீனிக்கும் விலைக் கட்டுப்பாடு உண்டு. கீரைக்கும் மீனுக்கும் பழத்துக்கும் அப்படி நிலையான விலை கிடையாது, மழை பெய்தால் ஒரு விலை, பெருநாள் வந்தால் ஒரு விலை. ஆக, கையில் காசு குறைந்தவர் எதை நம்பி வாங்க முடியுமோ அது எண்ணெயும் அரிசியும் சீனியுமாக இருக்கிறது. குறைந்தபட்ச சம்பளம் 2025இல் 1,700 வெள்ளி ஆனது. அதில் வீட்டு வாடகையும் மோட்டார் தவணையும் போக மிஞ்சுவதில் ‘ஆரோக்கிய உணவு’ என்று கண்ணாடிப் பெட்டியில் விற்கிற புல்லை யார் வாங்குவது?

இருந்தும் எடை குறைத்தவர்கள் எங்கள் மாடிகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஜிம்முக்குப் போனவர் ஒருவரும் இல்லை. பலருக்கும் தொடக்கம் தண்ணிக்கடையில்தான். தே தாரேக்கில் விழுகிற பால் டின்னை நினைத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு மூன்று குவளை. ‘தே ஓ கோசோங்’ என்று சொல்லப் பழகிக்கொண்டால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. கடைக்குக் கடை விலை வேறென்றாலும் குவளைக்கு அரை வெள்ளியாவது மிச்சமாகும். மூன்று குவளை, முப்பது நாள், நாற்பத்தைந்து வெள்ளி. இன்னும் கொஞ்சம் போட்டால் எம்.ஆர்.டி.க்கும் பஸ்ஸுக்கும் ஒரு மாதத்துக்குச் செல்லும் ஐம்பது வெள்ளி பாஸ் கிடைத்துவிடும். இளைப்பதற்குக் காசு கொடுக்காமல் காசு வாங்கிக்கொள்கிற வழி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பாட்டில் பானங்களுக்கு 2019 ஜூலையிலிருந்து சீனி வரி இருக்கிறது. தே தாரேக்குக்கு வரி போட இந்த நாட்டில் எந்த அரசாங்கத்துக்கும் தைரியம் வராது.

அடுத்தது தட்டு. அமைச்சு ‘சுக்கு சுக்கு செபாரோ’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். கிளினிக்கில் இதை முதலில் கேட்டுவிட்டு வந்த மூன்றாம் மாடி அக்கா, ஒரு வாரம் சுக்குக் காப்பி போட்டுக் குடித்தார். விளங்கிய பிறகு அவர் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். புதிதாக எதையும் வாங்கவில்லை. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை மூடுகிற நேரத்துக்குப் போய், விலை இறங்கிய கங்கோங் கீரையும் சாவிக் கீரையும் அள்ளிக்கொண்டு வந்தார். வாரத்தில் இரண்டு நாள் கோழிக்குப் பதிலாகத் தெம்பே, முட்டை, பச்சைப்பயறு. சோற்றைக் கரண்டியால் போடாமல் பழைய பால்மாவு டின்னின் மூடியால் அளந்து போட்டார். இட்லியைத் தேங்காய்ச் சட்னியில் முக்காமல் சாம்பாரில் முக்கினார், அவ்வளவுதான். ரொட்டி சானாயை விடவில்லை. ஞாயிறு காலை ஒன்று, அதை விடச் சொன்னால் கிளினிக்கையே விட்டுவிடுவேன் என்று தாதியிடம் சொல்லிவிட்டாராம்.

விரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் நாற்பத்தெட்டு நாள் மரக்கறி, ஒருவேளைச் சாப்பாடு என்று இருந்து, பத்துமலையின் 272 படிகளையும் ஏறும்போது முகமே வேறாக இருக்கும். பூசம் முடிந்த மறுநாள் ஆட்டிறைச்சிக் கறியோடு எல்லாம் திரும்பி வந்துவிடும். என் தம்பி இதை இருபது வருஷமாகச் செய்கிறான். போன வருஷம்தான், காவடி இல்லாத மாதங்களிலும் அந்தப் படியில் ஏறலாமே, அதற்கு டிக்கெட் இல்லையே என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மெதுவோட்டம்கூடக் கூடாது என்றார்கள். மே மாதம் தளர்த்தியபோது எங்கள் தாமான் திடலில் அதற்குமுன் பார்த்திராத கூட்டம். நடக்கக்கூடாது என்று ஒருவர் சொன்ன பிறகுதான் நடப்பது நம் உரிமை என்று தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் கால்வாசி இன்னும் நடக்கிறது. அதைவிடப் பெரிய ஏற்பாடுகளும் இலவசமாக உண்டு: 2004இல் லண்டன் புஷி பூங்காவில் பதின்மூன்று பேரோடு தொடங்கிய பார்க்ரன், 2018இல் கோலாலம்பூரில் தாமான் பூடு உலு பூங்காவுக்கு வந்தது. சனிக்கிழமை காலை, ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடந்தே முடிக்கலாம். ஆனால் சனிக்கிழமை காலை யாருக்கு வேலை இல்லை என்பதுதான் கேள்வி. எங்கள் மாடியில் பாதிப் பேருக்கு இருக்கிறது.

சொல்லப்போனால் நடப்பதற்குக் காசு பெரிய தடையே இல்லை. திடலுக்குக் காசில்லை, படிக்கட்டுக்குக் காசில்லை, ஸ்டேடியம் காஜாங் நிலையத்திலேயே இறங்கி மிச்சத்தை நடப்பதற்கும் காசில்லை. நடைபாதை இல்லை என்பது வேறு விஷயம், சாக்கடை மூடிமேல் நடந்து பழகிவிட்டோம். கிடைக்காதது நேரம். தோட்டத்தில் உடம்பை எடுத்துக்கொண்டார்கள், இங்கே மணிக்கணக்கை எடுத்துக்கொள்கிறார்கள். நெரிசலில் போகவர மூன்று மணி நேரம், ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம், இதற்கு நடுவில் வாரத்துக்கு நூற்றைம்பது நிமிஷம் வேகமாக நடக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மூன்றாம் மாடி அக்கா அதைப் பத்துப் பத்து நிமிஷமாக உடைத்துக்கொண்டார். பஸ் வரும்வரை பத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து, லிஃப்ட் கெட்டுப்போன நாளில் தானாகவே பத்து. எங்கள் லிஃப்ட் அடிக்கடி கெட்டுப்போகும்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்துமூன்று. பத்து வருஷமாக நீரிழிவு மாத்திரை. நடக்கச் சொன்ன மருத்துவரிடம், “நடந்தது போதாதா டாக்டர்?” என்று கேட்டவர் அவர். இரண்டு வருஷம் அந்தக் கோபத்திலேயே இருந்தார். பிறகு ஒருநாள் யாரும் சொல்லாமல் போக ஆரம்பித்தார். இன்னமும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பெரட்டு இல்லை, என்ன செய்வது. ஐந்தரைக்குத் திடலில் இருப்பார். சேலைக்கு மேல் தம்பியின் பழைய காற்பந்துச் சட்டை, காலில் பள்ளிக்கூட வெள்ளைக் காலணி, பதினைந்து வெள்ளி. காண்டா அமர்ந்த வலது தோள் இன்றும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது.

போன மாதம் நானும் கூடப் போனேன். எனக்கு மூன்றாவது சுற்றிலேயே மூச்சு வாங்கியது. திரும்பலாமா என்று கேட்டேன்.

“நீ போய்ப் பசியாறுடா,” என்றார். “எனக்கு இன்னும் ரெண்டு நிரை இருக்கு.”