காற்றை அளக்காமல் வேகத்தை விற்காதீர்கள்

டேர்போ கார் வைத்திருக்கும் இளைஞர்கள் உதிரிப்பாகக் கடைக்கு வந்தால் முதலில் கேட்பது பூஸ்ட் கொன்ட்ரோலரைத்தான். ஒரு காலத்தில் நானும் கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்து, காசை எண்ணிப் பெட்டியில் போட்டவன்தான்.

பழைய நிஸ்ஸான் சில்வியா வைத்திருந்த ஒரு தம்பி அப்படி வாங்கிப் போனார். ஒரு மாதம் ஆகவில்லை. உருகி ஓட்டை விழுந்த பிஸ்டனைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "நானா, சாமான்ல பிழை இல்லையே, அப்ப ஏன் இப்படி?" என்றார். சாமானில் பிழையில்லை. விற்கும்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

தராசு காட்டாத பாரம்

ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். டேர்போ முழு அழுத்தத்தில் ஓடும்போது சூட்டைத் தணிக்கப் பெற்றோலைக் கூட்டி, ஒரு கிராமுக்கு 12 கிராம் காற்று என்ற அளவுக்குக் கொண்டுவருவார்கள். எவ்வளவு பெற்றோல் விடுவதென்று தீர்மானிப்பது எஞ்சின் கணனி. உள்ளே போகும் காற்றின் நிறையை அதற்குச் சொல்வது எயார்ப்ளோ மீட்டர்.

இந்த மீட்டருக்குள் சூடேற்றப்பட்ட மெல்லிய கம்பி ஒன்று உண்டு. காற்று கூடக் கூடக் கம்பி குளிரும். அதைச் சூடாகவே வைத்திருக்கத் தேவைப்படும் மின்சாரத்தைக் கொண்டு காற்று கணக்கிடப்படுகிறது. ஆனால் மீட்டர் அனுப்பும் சமிக்ஞைக்கு 5 வோல்ட் அளவில் ஓர் எல்லை உண்டு. 100 கிலோவுக்கு மேல் காட்டாத தராசில் 150 கிலோ மூட்டையை வைத்தால் 100 கிலோவுக்குத்தான் பில் எழுதுவோம். இங்கும் அதே கதைதான். காற்று கூடுகிறது, பெற்றோல் கூடுவதில்லை. நொக்கிங் தொடங்கும், பிஸ்டன் உருகும்.

பூஸ்ட் கொன்ட்ரோலர் செய்வது இன்னொரு வேலை. டேர்போவைச் சுழற்றும் புகையில் மிஞ்சியதை வேஸ்ட்கேட் என்ற கதவு ஒதுக்கி விடும். அந்தக் கதவைத் தாமதித்துத் திறக்க வைப்பதே கொன்ட்ரோலரின் வேலை. பெற்றோலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

மாற்றினால் மட்டும் போதுமா?

1991 இல் சில்வியாவுக்கு வந்த 2 லீட்டர் டேர்போ எஞ்சின் 205 குதிரைவலு கொண்டது. அதன் மீட்டரும் அந்தப் பாரத்துக்கு ஏற்றதுதான். அதனால் பலர் 1989 இல் வந்த 300 இசட்எக்ஸ் காரின் மீட்டரைப் பொருத்துவார்கள். அது 3 லீட்டர் இரட்டை டேர்போ எஞ்சினுக்குக் காற்றளந்த மீட்டர். ஆனால் ஒரே வோல்ட்டுக்குப் பெரிய மீட்டரில் கூடுதலான காற்று போகும். கணனியில் கணக்கை மாற்றி எழுதாவிட்டால் பழைய நட்டம் புதுச் சாமானோடு வரும்.

சிலர் மீட்டரையே கழற்றிவிட்டு, மெனிபோல்டின் அழுத்தத்தை அளக்கும் சென்சரைப் போடுகிறார்கள். வியாபாரிகள் சறுக்குவது இங்கேதான். 2 பார் சென்சர் என்றால் 2 பார் பூஸ்ட் அல்ல. அது வெற்றிடத்திலிருந்து எண்ணுகிறது. அதில் ஏறத்தாழ ஒரு பார் சாதாரண காற்றின் அழுத்தம். மிஞ்சுவது ஒரு பார் பூஸ்ட்தான். 1.2 பார் ஓட்டப்போகிறவருக்கு 3 பார் சென்சரே பொருந்தும்.

காற்று அளவு மீறும்போது பெற்றோலை நிறுத்தி எஞ்சினைக் காப்பாற்றும் ஏற்பாடு பல கார்களில் கம்பனியிலிருந்தே உண்டு. அதை ஏமாற்றும் சிறு கருவிகளும் சந்தையில் கிடைக்கின்றன. அது தராசின் முள்ளைக் கையால் பிடிப்பது போன்றது. என் கடையில் அது இல்லை.

கல்லாவில் கேட்க வேண்டியவை

2020 இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறந்தது. இடையில் பலர் பழைய காரையே திருத்தி ஓட்டினார்கள். ஹோஸ்கள் வெடித்திருக்கும், மீட்டர் அளந்த காற்று அந்த வெடிப்பால் வெளியேறும். 'மீட்டர் பழுது' என்று திருப்பிக் கொண்டுவந்தால் முதலில் ஹோஸைப் பாருங்கள். ஜப்பானிய சஞ்சிகைகளில் வரும் பூஸ்ட் அளவுகளையும் அப்படியே சொல்லாதீர்கள். அங்கே 100 ஒக்டேன் அளவுள்ள பெற்றோல் சாதாரணமாகக் கிடைக்கிறது. இங்கே பெரும்பாலும் 92, அல்லது 95 தான்.

மீட்டர் எது? கணனி மாற்றி எழுதப்பட்டதா? இன்ஜெக்டரும் பம்பும் போதுமா? காற்று-பெற்றோல் விகிதம் காட்டும் மானி இருக்கிறதா? இந்த நான்குக்கும் பதில் இல்லாதவருக்குக் கொன்ட்ரோலரை விற்காதீர்கள். முதலில் மானியை விற்றுவிடுங்கள்.

அந்தத் தம்பிக்குக் கொன்ட்ரோலரின் காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஓர் எஞ்சினுக்கு அது ஈடாகாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் கடையை விட்டுப் போகவில்லை. மானி, மீட்டர், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கினார், கணனியையும் திருத்தினார். கொன்ட்ரோலரைக் கடைசியில்தான் மீண்டும் வாங்கிப் போனார்.