வடக்கில் குளிர் பிறந்தால் நம் வயலுக்கு விருந்தாளி வருவார்

மாணவர்களே, ‘இலையுதிர்காலம்’, ‘குளிர்காலம்’ என்ற சொற்களைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். தாசேக் கெலுகோரில் வாழும் நமக்கு அவை வெறும் சொற்கள்தாம். இங்கே மரங்கள் சிவந்து உதிர்வதில்லை; பனி பெய்வதில்லை. பினாங்கு ஏறக்குறைய 5 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. நம் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலோ ஜூன் மாதப் பகல் 19 மணி நேரத்துக்கும் மேல் நீளும். டிசம்பர் மாதப் பகல் ஐந்தரை மணி நேரத்திலேயே முடிந்துவிடும்.

ஆனாலும் அந்த இலையுதிர்காலம் ஆண்டுதோறும் நம் ஊருக்கு வருகிறது, சிறகு கட்டிக்கொண்டு. வடக்கில் பகல் சுருங்கத் தொடங்கியதும் சைபீரியா, மங்கோலியா, வட சீனா, அலாஸ்கா ஆகிய இடங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. அவை பயன்படுத்தும் வான்வழிக்குக் ‘கிழக்காசிய – ஆஸ்திரலேசியப் பறவைப் பாதை’ என்று பெயர். 22 நாடுகளைத் தொட்டுச் செல்லும் இந்தப் பாதையில் 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் பயணம் செய்கின்றன. நம் செபராங் பிறை அந்தப் பாதையில் உள்ள ஓர் ஓய்வு விடுதி.

உங்கள் வீட்டில் ஒரு கேமராவோ, நல்ல கைப்பேசியோ இருந்தால் போதும். செப்டம்பர் முதல் மார்ச் வரை மாதம் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, வடக்கின் இலையுதிர்காலத்தையும் குளிர்காலத்தையும் நீங்கள் படமெடுக்கலாம். எங்கே, எப்போது, எப்படி என்று பார்ப்போம்.

மாதம் ஒரு பயணம்

செப்டம்பர்: தொலைவு போக வேண்டாம். வயலோரத்து வேலிக் கம்பியைக் கவனியுங்கள். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிதாக, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டையுடன் ஒரு பறவை தனியாக உட்கார்ந்திருக்கும். முகமூடி போட்ட திருடனைப் போன்ற தோற்றம். அதுதான் பழுப்புக் கீச்சான். ஒரு கீச்சான் ஆண்டுதோறும் அதே இடத்துக்கே திரும்பி வரும் பழக்கம் உள்ளது. இந்த ஆண்டு எந்தக் கம்பியில் பார்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் தேடுங்கள்.

அக்டோபர்: நம் பகுதியில் மழை மிகுந்த காலம் இது. ஆகவே வெளியே போவதற்குக் கிடைக்கும் காலைகள் குறைவு, மாலைகளைப் பயன்படுத்துங்கள். பட்டணத்து மின்கம்பிகளில் அந்தி நேரத்தில் தகைவிலான் குருவிகள் வரிசை வரிசையாக வந்து அமரும். கம்பி முழுக்கச் சுரக்குறிப்பு எழுதியது போல் இருக்கும்.

நவம்பர், டிசம்பர்: வயலில் உழவு இயந்திரம் இறங்கும் நாளைப் பார்த்துப் போங்கள். சேற்றைக் கிளறும் இயந்திரத்தின் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் ஓடும். வெளிப்படும் பூச்சிகளும் தவளைகளும் அவற்றுக்கு உணவு. தேங்கிய நீரில் பொறி உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும். மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் இடையே சிறு இடைவெளி தெரியும் பெரிய நாரைகளைக் கண்டால் அவை நத்தைகுத்தி நாரைகள். தமிழ்நாட்டின் வேடந்தாங்கலில் கூடு கட்டும் அதே இனம்தான். இவை வடக்கின் குளிருக்கு அஞ்சி வருபவை அல்ல. உணவைத் தேடி அலைபவை. நெற்பயிரை அழிக்கும் தங்க ஆப்பிள் நத்தையை விரும்பி உண்பதால் விவசாயிக்கு இவை நண்பர்கள்.

ஜனவரி: இப்போது கடற்கரைக்குப் போகலாம். தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் சேற்றுக் கடற்கரையைப் பன்னாட்டுப் பறவை அமைப்பான பேர்ட்லைஃப், ‘முக்கியப் பறவை வாழிடம்’ என்று பட்டியலிட்டுள்ளது. மூக்கன்கள், கோட்டான்கள், உப்புக்கொத்திகள் எல்லாம் இங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உலகின் மிக அரிய கரைப்பறவைகளுள் ஒன்றான நார்ட்மன் பச்சைக்கால் உள்ளானும் இங்கே வருகிறது. 1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடப்பதும் ஜனவரி மாதத்தில்தான். அப்போது பறவைகள் ஓரிடத்தில் தங்கியிருப்பதால், ஒரே பறவையை இரண்டு நாடுகளில் எண்ணிவிடும் தவறு குறைகிறது.

மார்ச்: விருந்தாளிகள் மூட்டை கட்டும் மாதம். தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டித் தஞ்சோங் துவானில் கரையேறும் காட்சியைக் காண, மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் அங்கே பருந்து பார்க்கும் விழாவை நடத்தி வருகிறது. நம் சேற்றுக் கரையிலோ வேறொரு வியப்பு காத்திருக்கும். குளிர்காலம் முழுவதும் சாம்பல் நிறத்தில் திரிந்த பட்டைவால் மூக்கன் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். இனப்பெருக்கத்துக்கான புதுச் சட்டை அது. செப்டம்பர், ஜனவரி, மார்ச் என மூன்று மாதங்களில் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பாடநூலில் படித்த ‘இறகு உதிர்த்தல்’ உங்கள் சொந்தப் படங்களிலேயே தெரியும்.

கேமராவுக்குள் இருக்கும் இயற்பியல்

தகைவிலான் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். கேமராவின் கதவு 1/100 விநாடி திறந்திருந்தால், அதற்குள் குருவி 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் கிடைப்பது ஒரு கோடுதான். 1/1000 விநாடி என்றால் நகர்வு 1 சென்டிமீட்டர். 1/2000 விநாடி என்றால் அரை சென்டிமீட்டர். பறக்கும் பறவைக்கு வேகமான கதவு ஏன் தேவை என்பது இப்போது புரிகிறதா? ஆனால் கதவு வேகமாக மூடினால் உள்ளே வரும் ஒளி குறையும். அதை ஈடுகட்ட வில்லையின் துளையை அகலத் திறக்க வேண்டும் அல்லது ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்ட வேண்டும். ஐ.எஸ்.ஓ. கூடக் கூடப் படத்தில் புள்ளிகள் தோன்றும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

அடுத்து, தொலைவு. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள மூக்கன் 40 மீட்டர் தொலைவில் நிற்கிறது. உங்களிடம் 400 மில்லிமீட்டர் குவியத் தூர வில்லை இருக்கிறது. உணரியில் விழும் பிம்பத்தின் நீளம் வெறும் 4 மில்லிமீட்டர். தொலைவு பாதியானால் பிம்பம் இரு மடங்காகும். ஆகவே அருகில் போகும் ஆசை எல்லாருக்கும் வரும். ஆனால் நீங்கள் பறவையிடம் போவதைவிட, பறவை உங்களிடம் வரும் நேரத்தைக் கணக்கிடுவதுதான் புத்திசாலித்தனம். நீர் வற்றும்போது பறவைகள் சேற்றில் வெகுதூரம் பரவிவிடும். நீர் ஏற ஏற, அது அவற்றைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். எனவே கடல் ஏற்ற அட்டவணையைப் பார்த்து, உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் அமர்ந்துவிடுங்கள். உச்ச ஏற்றம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகமாக ஏறும். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி உங்கள் படப்பிடிப்புக்கும் உதவும்!

நம் கடற்கரை மேற்கு நோக்கியது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் இறகு ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். மாலையில் சூரியன் எதிரே வந்துவிடும்; அப்போது நிழலுருவங்கள்தாம் கிடைக்கும். காலை ஒளி பொன்னிறமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தாழ்வாக நிற்கும் சூரியனின் ஒளி வளிமண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வருகிறது. வழியில் நீல ஒளி சிதறிப்போக, சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. வெயில் ஏறிய பின் சேறு சூடாகி, அதன் மேலுள்ள காற்று அடுக்குகளின் ஒளிவிலகல் எண் மாறிக்கொண்டே இருக்கும். காட்சி நடுங்கும். எவ்வளவு விலை உயர்ந்த வில்லையாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

பெரிய கேமரா இல்லையே என்று வருந்த வேண்டாம். இருகண் நோக்கியின் ஒரு கண்ணாடியில் கைப்பேசிக் கேமராவைப் பொருத்திப் பிடித்தால் அடையாளம் காணப் போதுமான படம் கிடைத்துவிடும். 1892இல் இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படமெடுத்தபோது, அவர்களிடம் இருந்தது கனமான தட்டுக் கேமராதான். பறவைகள் மிரளாமல் இருக்க, 1900இல் அவர்கள் மாட்டுத் தோலால் பொய் மாடு ஒன்றைச் செய்து, அதற்குள் ஒளிந்திருந்தும் படமெடுத்தார்கள்!

ஒரு படம் என்ன செய்யும்?

சில கரைப்பறவைகளின் காலில் சிறிய வண்ணக் கொடி மாட்டப்பட்டிருக்கும். ஆய்வாளர்கள் பறவையைப் பிடித்து, மாட்டி, விடுவித்த அடையாளம் அது. வடமேற்கு ஆஸ்திரேலியா என்றால் மஞ்சள், விக்டோரியா மாநிலம் என்றால் ஆரஞ்சு. கொடியில் எழுத்து இருந்தால் அது அந்தத் தனிப் பறவையின் அடையாள அட்டை. 1995இல் அர்ஜென்டினாவின் தென்கோடியில் பிடிக்கப்பட்ட ஓர் உள்ளானுக்குப் பின்னாளில் கிடைத்த கொடி எண் பி95. 2014 வரை அது மீண்டும் மீண்டும் காணப்பட்டது. அது பறந்த மொத்தத் தூரம், நிலவுக்குப் போய்த் திரும்பும் வழியில் பாதியையும் கடந்திருக்கும் என்று கணக்கிட்டு, ‘நிலாப் பறவை’ என்று பெயரிட்டார்கள். கொடியைப் படித்த கண்கள் இல்லாவிட்டால் இந்தக் கதையே நமக்குக் கிடைத்திருக்காது.

நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் தேதியும் நேரமும் பதிவாகின்றன. கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வையுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். படம், தேதி, இடம் மூன்றும் சேர்ந்தால் அது அழகுப் படம் மட்டுமல்ல, அறிவியல் சான்று. 2002இல் தொடங்கிய ‘இ-பேர்ட்’ தளத்தில் அதைப் பதிவு செய்தால், உலகின் எந்த மூலையில் இருக்கும் ஆய்வாளரும் பயன்படுத்த முடியும்.

அந்தச் சான்று இப்போது மிகவும் தேவை. தென் கொரியாவின் சேமாங்கம் என்னுமிடத்தில் 33 கிலோமீட்டருக்கும் நீளமான கடற்சுவர் 2006இல் அடைக்கப்பட்டது. ‘கிரேட் நாட்’ என்னும் உள்ளான் இனம் பல்லாயிரக் கணக்கில் இறங்கி இரைதேடிய சேற்று வெளி அதனுள் சிக்கிக்கொண்டது. இரைதேட இடமின்றி அந்த இனத்தின் தொகை பெரிதும் சரிந்தது. 2015இல் அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. சேறு போனது கொரியாவில். பறவை குறைந்தது பாதை முழுவதும். சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தால் சங்கிலியே பயனற்றுப்போகும் அல்லவா? நம் கரையும் அப்படியோர் வளையம்தான். பார்ப்பவர்களுக்கு அது நாற்றமடிக்கும் வெறும் சேறு. ‘இங்கே எதுவுமே இல்லையே, மண்ணைக் கொட்டி நிரப்பினால் என்ன?’ என்று ஒருவர் கேட்கும்போது, ‘இதோ, இருக்கிறது’ என்று காட்ட ஆண்டு வாரியாகப் படங்கள் வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. மஞ்சள் கடலின் சீனக் கரையில் சில சேற்று வெளிகள் 2019இலும், கொரியக் கரையில் சில 2021இலும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. பறவைகள் அங்கே வருகின்றன என்பதற்கு ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பதிவுகளே அதற்கு அடித்தளம்.

படத்தைவிடப் பறவை பெரிது

2022இல் 234684 என்ற எண் கொண்ட செயற்கைக்கோள் கருவியைச் சுமந்த பட்டைவால் மூக்கன் ஒன்று, அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் நிற்காமல் பறந்து கடந்தது. வகுத்துப் பாருங்கள்: மணிக்குச் சராசரியாக 51 கிலோமீட்டர், இரவு பகலாக. அப்போது அதன் வயது ஐந்தே மாதம்! இப்படிப்பட்ட பயணத்துக்கு முதன்மையான எரிபொருள் உடலில் சேர்த்த கொழுப்புதான். நல்ல படம் வேண்டும் என்று நீங்கள் ஓடிப்போய்க் கூட்டத்தைக் கலைத்தால், ஒவ்வொரு பறவையும் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சத்தை வீணாக்குகிறது. எனவே உட்கார்ந்தே இருங்கள். பறவை தலையை நிமிர்த்தி உங்களையே பார்த்தால், நீங்கள் போதிய அளவு நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் பகிராதீர்கள்.

உங்கள் பாதுகாப்பும் முக்கியம். தனியாகப் போகாமல் பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சேற்றில் இறங்கவே வேண்டாம். இடுப்பளவு புதையும் இடங்கள் உண்டு. இடி கேட்டால் வெட்டவெளியை விட்டு உடனே வெளியேறுங்கள்.

மாணவர்களே, இந்த வாரமே தொடங்கலாம். பள்ளியைச் சுற்றியுள்ள ஒரு வேலியையோ, ஒரு வாய்க்காலையோ தேர்ந்தெடுங்கள். மாதம் ஒரு முறை, அதே இடம், அதே நேரம், பத்தே படம். மார்ச் மாதத்தில் அவற்றை வரிசையாக அடுக்கி, எந்தப் பறவை எப்போது வந்தது, எப்போது மறைந்தது என்று ஓர் அட்டவணை போடுங்கள். அடுத்த செப்டம்பரில் அதே கம்பியில் கறுப்புப் பட்டைக்காரர் வந்து உட்கார்ந்தால், அட்டவணையில் இரண்டாம் ஆண்டுக்கான முதல் வரியை எழுதத் தொடங்கலாம்.