ராஜா வேடப் படம் பத்திரமா?

சுற்றுலா போன இடத்தில் பழங்கால உடை அணிந்து படம் எடுத்துக் கொள்வது பலருக்கும் பிடித்தமான விஷயம். ஸ்ரீநகரில் காஷ்மீரி உடை, ஜப்பானின் கியோட்டோவில் கிமோனோ, நெதர்லாந்தின் வோலண்டாமில் பழைய மீனவர் குடும்ப உடை என்று பல ஊர்களில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. உடையை மாலைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவோம். வீட்டிற்கு வந்து சேருவது ஒரு ஜேபெக் பைல் மட்டும்தான். அப்படி ஒரு பைலை நான் தொலைத்த கதை இது. தொலைத்ததில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்பதையும் சொல்கிறேன். கம்ப்யூட்டர் வாங்கி, இப்போதுதான் படங்களை அதில் சேர்க்கத் தொடங்கி இருப்பவர்களுக்குப் பயன்படும்.

2023ல் அலுவலக வேலையாக ஆறு மாதங்கள் தென் கொரியாவின் சியோல் நகரில் இருந்தேன். அக்டோபரில் அப்பாவையும் அம்மாவையும் ஒரு வாரத்திற்கு வரவழைத்தேன். அப்பாவுக்கு விருதுநகரில் ஹார்டுவேர் கடை. தீபாவளி, பொங்கல் தவிர அந்தக் கடை மூடி நான் பார்த்ததில்லை. படத்தில் அவர் சிரித்தும் பார்த்ததில்லை. கேமராவைக் கண்டால் பாஸ்போர்ட் ஆபீசில் நிற்பது போல விறைத்துக் கொள்வார்.

சியோலில் முதலில் பார்க்க வேண்டியது கியோங்போக்குங் அரண்மனை. சோசன் அரச வம்சத்தினர் 1395ல் கட்டியது. 1592ல் ஜப்பானியப் படையெடுப்பின் போது எரிந்து போய், இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்து, 1867ல் மீண்டும் எழுந்தது. பிறகு ஜப்பானியர் ஆட்சியில் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. 1990 முதல் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டி வருகிறார்கள். நாங்கள் போன போது பெரியவர்களுக்குக் கட்டணம் 3,000 வோன். ஆனால் கொரியாவின் பாரம்பரிய உடையான ஹான்போக் அணிந்து வருபவர்களுக்குக் கட்டணம் கிடையாது. மேலாடையும் வேண்டும், கீழே பாவாடை அல்லது கால்சட்டையும் வேண்டும். மேலே மட்டும் போட்டுக் கொண்டு ஜீன்ஸோடு போனால் டிக்கெட் வாங்க வேண்டியதுதான். ஆண்கள் ஆண் உடையிலும், பெண்கள் பெண் உடையிலும் வந்தால்தான் இலவசம் என்று முன்பு ஒரு விதி இருந்தது. மனித உரிமை ஆணையம் குறுக்கிட்ட பின்னர் 2019 ஜூலையில் அதனை நீக்கிவிட்டார்கள்.

அரண்மனையைச் சுற்றி உடை வாடகைக் கடைகள் ஏராளம். மணிக்கணக்கில் வாடகை. நம் துணிகளை லாக்கரில் வைத்துவிட்டு, உடையைத் தேர்ந்தெடுத்தால் கடைக்காரப் பெண்களே கட்டிவிடுகிறார்கள். பாவாடை குடை போல விரிந்து நிற்க உள்ளே ஒரு வளையப் பாவாடை தருகிறார்கள். உண்மையில் பழைய உடையில் இந்த வளையம் கிடையாது. வாடகை உடைகள் மரபைக் கெடுக்கின்றன என்று கொரியர்களிலேயே பலருக்கு வருத்தம் உண்டு. 2024ல் அந்நாட்டின் பாரம்பரியச் சின்னங்களுக்கான அரசுத் துறைத் தலைவரே இதனைப் பற்றிப் பேசினார். எனக்கு இதில் பெரிய கோபம் இல்லை. நம் ஊர் நாடகத்தில் கட்டபொம்மன் கட்டுவதும் பட்டு வெல்வெட்டுதானே.

அம்மா முதலில் மறுத்தார். ஐம்பது வயதுக்கு மேல் சேலையை விட்டு இன்னொன்றா என்று. பிறகு இளம்பச்சைப் பாவாடையைத் தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான். அப்பாவுக்கு அரசர் உடை. சிவப்பு அங்கி, நெஞ்சிலும் தோளிலும் வட்டமாகத் தங்க நிற டிராகன், பின்னால் இரண்டு சிறகு போல நிமிர்ந்த கறுப்புத் தொப்பி. அதனை அவர் இன்றும் கிரீடம் என்றுதான் சொல்கிறார்.

<b>ஒரு சிரிப்பு</b>

சிம்மாசன மண்டபத்தின் முன்னால் கல் பாவிய பெரிய முற்றம் இருக்கிறது. இருவரையும் அங்கே நிறுத்தினேன். அப்பா வழக்கம் போல விறைத்து நின்றார். அப்போது பின்னால் ஒரு கொரியக் குழந்தை, "அப்பா!" என்று கத்தியது. கொரிய மொழியிலும் தந்தையை அப்படித்தான் அழைக்கிறார்கள். எங்கள் அப்பா சட்டென்று திரும்பினார். தன்னை இல்லை என்று தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். நான் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஒரே ஒரு படம் எடுத்தேன்.

இங்கே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பளிச்சென்ற சிவப்புத் துணியை வெயிலில் எடுத்தால், டிஜிட்டல் கேமராவில் சிவப்பு நிறம் நிரம்பி வழிந்து, பூவேலைப்பாடு எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். கேமராவில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற அமைப்பை மைனஸ் பக்கம் சற்றுக் குறைத்து வைத்தால் டிராகன் தப்பிக்கும். இரண்டாவது, கடிகாரம். போன் தானாகவே கொரிய நேரத்திற்கு மாறிவிட்டது. கேமரா இந்திய நேரத்திலேயே இருந்தது. வித்தியாசம் மூன்றரை மணி நேரம். பின்னர் இரண்டு கருவிகளின் படங்களையும் ஒரே போல்டரில் போட்டு தேதி வாரியாக வரிசைப்படுத்திய போது, அம்மா மதியச் சாப்பாடு முடித்த பிறகு உடை மாட்டிக் கொள்வது போல வந்தது. வெளிநாடு போய் இறங்கியதும் கேமராவின் நேரத்தை மாற்றுங்கள்.

<b>தொலைத்தது எப்படி?</b>

அன்று இரவே படங்களை லேப்டாப்பில் காப்பி செய்தேன். அது என் கம்பெனி லேப்டாப். வாட்ஸ்அப் மூலம் அம்மாவுக்கும் சில படங்கள் அனுப்பினேன். மெமரி கார்டில் இருந்தவற்றை அழித்தேன். வேலை முடிந்து ஊர் திரும்பிய போது லேப்டாப்பை ஒப்படைத்தேன். ஒப்படைக்கும் லேப்டாப்பை முழுவதுமாகத் துடைத்துவிடுவார்கள் என்பது மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்குத் தெரியாதா? தெரியும். படங்களை எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். எடுத்தது வேறு போல்டர். சில மாதங்கள் கழித்து அதே கார்டில் அக்கா மகனின் காதுகுத்தையும் எடுத்தேன்.

2025ல் அப்பாவுக்கு அறுபது. மணிவிழாவிற்கு மண்டப வாசலில் பேனர் வைக்க வேண்டும், அந்த ராஜா ராணி படம்தான் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அம்மாவின் போனில் இருந்த படத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தேன். பைலின் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேப்பில் டைமென்ஷன்ஸ் என்ற இடத்தைப் பார்த்தேன். 1200 x 1600. கேமரா எடுத்தது 3000 x 4000. வாட்ஸ்அப் வழக்கமான முறையில் அனுப்பும் போது படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. எடுத்த தேதி, கேமரா விவரம் போன்ற எக்ஸிப் தகவல்களும் போய்விடும். ஹெச்டி என்று தேர்ந்தெடுத்தால் சுருக்குவது குறையும். டாக்குமெண்ட் என்று இணைத்து அனுப்பினால்தான் பைல் அப்படியே போகும்.

கணக்கு இதுதான். பேனரில் படத்தின் உயரம் நான்கு அடி, அதாவது 48 அங்குலம். 1600ஐ 48ஆல் வகுத்தால் ஓர் அங்குலத்திற்கு 33 பிக்ஸல்கள். தூரத்தில் பார்க்கும் பேனருக்கு 300 தேவையில்லை. ஆனால் 33 என்பது மிகவும் குறைவு. வாசலில் வந்து நின்று பார்ப்பவருக்கு முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். கேமராவின் அசல் படமாக இருந்தால் 83 கிடைத்திருக்கும். அது போதும்.

<b>மீட்கும் முயற்சி</b>

மெமரி கார்டில் ஒரு படத்தை அழித்தால் படம் அங்கேயேதான் இருக்கிறது. பதிவேட்டில் அதன் பெயரை அடித்துவிட்டு, இந்த இடம் காலி என்று எழுதிக் கொள்கிறது. புதிய படம் வந்து அந்த இடத்தில் அமரும் வரை பழையது உயிரோடு இருக்கும். ஆகவே தவறுதலாக அழித்துவிட்டால் உடனே அந்தக் கார்டில் படம் எடுப்பதை நிறுத்துங்கள். எஸ்டி கார்டின் ஓரத்தில் லாக் என்று ஒரு சிறிய தள்ளு பொத்தான் இருக்கும். அதனைத் தள்ளிவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாமல் கேமராவும் கார்டு ரீடரும் பார்த்துக் கொள்ளும்.

நான் போட்டோரெக் என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தினேன். விண்டோஸில் ரெகுவா என்பதும் எளிது. கார்டைத் தேடச் சொல்லி, கிடைப்பதை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு புதிய போல்டரில் சேமிக்கச் சொல்ல வேண்டும். மறந்தும் அதே கார்டில் சேமிக்காதீர்கள். மீட்கும் படமே மீட்க வேண்டிய படத்தின் மேல் ஏறி அமர்ந்துவிடும். போட்டோரெக் பழைய பெயர்களைத் தராது. எண்களாகவே வரும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

இரவு இரண்டு மணி வரை பார்த்தேன். காதுகுத்தில் மொட்டைத் தலையுடன் அழும் மருமகன், அரண்மனைக் குளத்து மண்டபம், பத்து மணிக்கு நடக்கும் காவலர் மாற்றம், சாப்பாட்டு மேஜை. நூற்று சொச்சம் படங்களுக்குப் பிறகு அது வந்தது. பாதி.

ஜேபெக் பைலில் படம் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் பதிவாகும். பைலின் பின்பாதி அழிந்தால் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிடும். ஆனால் நான் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்திருந்தேன் அல்லவா? அப்போதும் அந்தக் கேமரா படத்தைப் படுக்கை வசத்தில்தான் பதிகிறது. காட்டும் போது திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பை மட்டும் சேர்த்து வைக்கிறது. ஆகவே அழிந்தது கீழ்ப்பாதி அல்ல, ஒரு பக்கம். அப்பா முழுதாக இருந்தார். தொப்பி, டிராகன், சிரிப்பு எல்லாம் பளிச்சென்று இருந்தன. அம்மா நின்ற இடம் வெறும் சாம்பல். அவரது பச்சைப் பாவாடையின் ஓரம் மட்டும் ஒரு விரற்கடை தெரிந்தது.

காலையில் காட்டினேன். "ராஜாவை மட்டும் வெட்டிப் போடட்டுமா?" என்று கேட்டேன். அப்பா, "ராணி இல்லாம ராஜா எதுக்குப்பா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்து, இப்போது எல்லோரும் பேசும் ஏஐ. சிறிய படத்தைக் கொடுத்தால் பெரிதாக்கித் தரும் தளங்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப் படத்தைக் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் நான்கு மடங்காக வந்தது. துணியின் நெசவு கூடத் தெரிந்தது. அசந்து போனேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக் கொண்டு பார்த்தார். "என்னய்யா இது? இது உங்கப்பா பல்லே இல்லையே."

அவர் சொன்னது சரி. அப்பாவின் முன்பற்களில் ஒன்று சற்று உள்ளே தள்ளி இருக்கும். கம்ப்யூட்டர் வரிசையாக நேர்த்தியான பற்களை வைத்துவிட்டது. இல்லாத பிக்ஸலை அது எங்கிருந்தும் மீட்கவில்லை. பயிற்சியில் பார்த்த எத்தனையோ முகங்களைக் கொண்டு இப்படி இருக்கலாம் என்று வரைந்து தருகிறது. துணி, சுவர், மரத்திற்கு இது பரவாயில்லை. நமக்குத் தெரிந்தவரின் முகத்திற்கு நான் இதனைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியில் அழைப்பிதழுக்கு அந்த வாட்ஸ்அப் படத்தையே பயன்படுத்தினோம். நல்ல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 பிக்ஸல் என்று கொண்டால் 1600 பிக்ஸல் ஐந்து அங்குலத்திற்குத் தாங்கும். அழைப்பிதழின் உட்பக்கத்திற்குச் சரியாக இருந்தது. பேனருக்கு 1993ல் எடுத்த கல்யாணப் படம். பீரோவில் அட்டைக்குள் இருந்த எட்டு அங்குலப் பிரிண்ட்டை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தோம். 4800 பிக்ஸல் வந்தது, அங்குலத்திற்கு 100. முப்பது வருடப் பழைய காகிதம் என் இரண்டு வருட டிஜிட்டல் படத்தை ஜெயித்துவிட்டது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். ஊர் திரும்பியதும் 2025-12-மூணாறு என்பது போல ஆண்டு முதலில் வரும்படி ஒரு போல்டர். அதன் ஒரு காப்பி வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று இணையச் சேமிப்பில். இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் மெமரி கார்டை அழிக்கிறேன். ஆபீஸ் லேப்டாப்பில் வீட்டுப் படங்கள் எதையும் வைப்பதில்லை. வேடம் போட்டுப் படம் எடுக்கும் ஸ்டூடியோவில், பிரிண்ட்டோடு அசல் பைலையும் பென் டிரைவில் கேட்டு வாங்குகிறேன். போனுக்கு அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னால், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்கிறேன்.

அப்பா மட்டும் இருக்கும் அந்தப் பாதிப் படத்தையும் நான் அழிக்கவில்லை. மணிவிழா முடிந்த மறுநாள் அம்மா அதனைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். டாக்குமெண்ட்டாகத்தான் அனுப்பினேன்.