மூச்சு போய்ச் சேரும் இடம்

இழுத்த மூச்சு நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. ஆக்சிஜனைச் சிவப்பணுக்கள் வாங்கிக்கொண்டு உடலெங்கும் கொண்டுபோகின்றன. அது கடைசியாகப் போய்ச் சேருவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில். சுமந்து போகிற சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. ஆகவே தன் சக்தித் தேவைக்கு அந்த ஆக்சிஜனை அது செலவழிப்பதில்லை.

நாம் உண்ட சோற்றிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் அந்த உட்சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறி, இறுதியில் ஆக்சிஜனிடம் வந்து சேர்கின்றன. ஆக்சிஜன் நீராகிறது. அப்படிக் கைமாறும்போது வெளிப்படும் சக்தியைக் கொண்டு புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. இதனால் சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே உருவாகும் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.15 வோல்ட். சொற்பம்தானே என்று தோன்றும். ஆனால் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான். கணக்குப் போட்டால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட் வருகிறது. காற்றில் மின்பொறி பறக்க இதில் பத்தில் ஒரு பங்கு போதும்!

வெளியே குவிந்த புரோட்டான்கள் உள்ளே திரும்ப ஒரு வழி உண்டு: ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி. அணையில் தேங்கிய நீர் டர்பைனைச் சுழற்றுவதுபோல அவை அதன் நடுத்தண்டைச் சுழற்றுகின்றன. நம் செல்களில் 8 புரோட்டான்கள் நுழைந்தால் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு, செல்லின் சக்தி நாணயமான ஏடிபியின் 3 மூலக்கூறுகள். உடலில் எந்த நேரமும் இருக்கும் ஏடிபி கால் கிலோவைத் தாண்டாது. அது திரும்பத் திரும்பச் செலவாகி மீண்டும் உருவாவதால், ஒரு நாளில் தயாராவதை எடைபோட்டால் கிட்டத்தட்ட நம் உடல் எடையே வந்துவிடும்.

புரோட்டான் ஓட்டம்தான் ஏடிபியைத் தயாரிக்கிறது என்று உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961-இல் சொன்னபோது துறையில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவர் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு, அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார். 1978-இல் நோபல் பரிசு வந்தது.

ஏடிபி சிந்தேஸின் சுழற்சியைக் கண்ணால் கண்டது 1997-இல், ஜப்பானில். யோஷிடா, கினோசிட்டா குழுவினர் நொதியின் தலைப்பகுதியைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டவைத்து, நடுத்தண்டின் நுனியில் ஒளிரும் ஆக்டின் இழை ஒன்றைப் பொருத்தினார்கள். நொதியைத் தலைகீழாக இயக்க ஏடிபியை ஊற்றியதும் இழை ஒரே திசையில் சுற்றத் தொடங்கியது. ஒற்றை மூலக்கூறு சுழல்வதை நுண்ணோக்கியில் நேராகப் பார்த்தார்கள். உயிரியலில் இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

அந்த நொதி எடுக்கப்பட்டது மனிதச் செல்லிலிருந்து அல்ல, வெப்பத்தில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து. அதே இயந்திரம் நம்மிடம் இருப்பது தற்செயலல்ல. 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வேறொரு செல்லுக்குள் புகுந்து தங்கிவிட்ட பாக்டீரியாவின் வழித்தோன்றல்தான் மைட்டோகாண்ட்ரியா. பல இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு, உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967-இல் இதை விரிவாக வாதிட்டு எழுதினார். பாக்டீரியாவைப் போலவே மைட்டோகாண்ட்ரியாவுக்கும் வட்டமான டிஎன்ஏ உண்டு; மனிதர்களில் அதில் 37 மரபணுக்கள். புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களும் பாக்டீரியாவினதைப் போன்றே உண்டு.

இந்த உறவை மருத்துவமனையிலும் பார்க்கலாம். டைபாய்டுக்கு ஒரு காலத்தில் பரவலாகக் கொடுக்கப்பட்ட குளோரம்பெனிகால், பாக்டீரியாவின் ரைபோசோமை முடக்கும் மருந்து. அளவு மிஞ்சினால் நம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமையும் முடக்கிவிடும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி குறையும். அதனால்தான் இம்மருந்தை உட்கொள்பவர்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.